பெட்டி இல்லாத கேசட்டுகள்

தொமோயேயிடம் அறுநூற்றுப் பன்னிரண்டு டிவி கேம் கேசட்டுகள் இருந்தன. ஒன்றுக்குக்கூட அட்டைப்பெட்டி கிடையாது. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் மதியச் சாப்பாடு முடிந்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பழைய சாமான் கடைகளுக்குப் போவாள். 'ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம்' என்று எழுதி வைத்த பிளாஸ்டிக் கூடைகளில் கைவிட்டுத் துழாவி எடுத்து வந்தவை அவை. வீட்டில் ஒவ்வொன்றையும் திருகு கழற்றி, முனைகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, செத்துப்போன பாட்டரியை மாற்றி எப்படியாவது ஓட வைத்துவிடுவாள். கேசட்டின் முதுகில் எந்தக் காலத்துப் பிள்ளையோ மார்க்கர் பேனாவால் எழுதிய பெயரை மட்டும் துடைக்கமாட்டாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒசாகாவில் அவள் இருந்த தைஷோ வட்டாரத்தின் பழைய டிவி கேம் சேகரிப்போர் சங்கத்தில் பத்தொன்பது பேர். அதில் பெண் அவள் ஒருத்திதான். சங்கத்தலைவர் முராகோஷி பல் டாக்டர். தன் கேசட்டுகளை வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் எடுப்பார்.

ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் அவர் ஓர் அறிவிப்பைப் படித்தார். அக்டோபரில் வட்டார மன்றத்தில் கண்காட்சி. பெட்டியும் விளக்கப் புத்தகமும் உள்ள கேசட்டுகள் மட்டுமே வைக்கப்படும். கிறுக்கல் உள்ளவற்றுக்கு இடமில்லை.

படித்துவிட்டு அவளைப் பார்த்து, குடும்பப் பெயரைச் சொல்லி அழைத்தார். "இனுயி-சான், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களோடதெல்லாம் மஞ்சளடிச்சுப் போச்சு. முதுகுல எவனோ பேரு வேற எழுதி வெச்சிருக்கான்."

"எழுதினவன் விளையாடினவன், டாக்டர். உங்களோடதை யாரு விளையாடினாங்க?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"அதுக்கில்ல. உங்களுக்கும் ஒரு வேலை வெச்சிருக்கேன். வாசல் மேசைல உட்காந்து வரவங்களைக் கவனிச்சுக்குங்க. டீ கீ குடுக்க ஒரு பொம்பளைக் கை இருந்தா நல்லாயிருக்கும் பாருங்க."

தொமோயேக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. பதினோரு வயதில் இப்படித்தான் ஏறியது. அண்ணனுக்குச் ஃபேமிகாம் என்ற சிவப்பும் வெள்ளையுமான டிவி கேம் இயந்திரத்தை வாங்கித் தந்தபோது, முதல் கன்ட்ரோலர் அவனுக்கு, இரண்டாவது அவளுக்கு என்று வீட்டில் பங்கு பிரித்தார்கள். இரண்டாவதில் ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தானே கிடையாது. அதற்குப் பதில் ஒரு சின்ன மைக் இருக்கும். அண்ணனும் அவன் கூட்டாளிகளும் மணிக்கணக்கில் ஆடுவார்கள். மைக்கில் கத்த வேண்டிய கட்டம் வந்தால் மட்டும், "ஏய் தொமோ, கத்து!" என்பார்கள். கத்தி முடித்ததும், "சரி, தள்ளு."

"டீயை நீங்களே ஊத்திக்குங்க, டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் வட்டார மன்றத்துக்குப் போனாள். அங்கே அலுவலகத்தில் நகதானி என்ற அம்மாள் பதிவேட்டைப் புரட்டினார். கண்காட்சி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கூடத்தை ஒட்டிய தத்தாமிப் பாய் அறை காலியாக இருந்தது.

"எதுக்குன்னு எழுதணுமே. பாட்டுப் பயிற்சின்னு போட்டுரட்டுமா? யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"வேணாம். டிவி கேம்னே போடுங்க. பெரிய எழுத்துல போடுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், சமையற்கட்டில் அவளோடு காய் நறுக்கும் மசுயோ தன் குட்டி லாரியை ஓட்டி வந்தாள். மூன்று பழைய டப்பா டிவிகள், மூன்று ஃபேமிகாம்கள், நாற்பது கேசட்டுகள். தூக்கி வைப்பதற்குள் இருவருக்கும் இடுப்பு ஒடிந்துவிட்டது.

"இதுக்கு நூறு கிலோ முட்டைக்கோஸ் தேவலாம்டி" என்றாள் மசுயோ.

பெரிய கூடத்தின் வாசலில் 'தொடாதீர்கள்' என்று அச்சடித்த பலகை நின்றது. தொமோயே தன் அறை வாசலில் காய்கறிப் பெட்டியின் அட்டை ஒன்றில் எழுதிச் சாய்த்து வைத்தாள். 'தொடலாம். கத்தலாம். செருப்பை மட்டும் கழற்றவும்.'

பதினோரு மணிக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. பெரிய கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போல நடந்தார்கள். பக்கத்து அறையிலிருந்து "ஹோய்! போ! போ!" என்று கூச்சல் கேட்டது. தொமோயே 'காக்கா விரட்டு' என்ற ஆட்டத்தைப் போட்டிருந்தாள். ஒருவர் பழம் பறிக்க வேண்டும். மற்றவர் மைக்கில் கத்திக் காக்கையை விரட்ட வேண்டும். மதியத்துக்குள் அறை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பேன்ட் மடிப்புக் கலையாத ஓர் ஆள், மனைவி பார்க்கப் பார்க்க, மண்டியிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

டாக்டர் முராகோஷி கையுறையோடு வந்து நின்றார்.

"சத்தத்தைக் குறைங்க. அங்க மனுஷங்க பார்க்க வேணாமா?"

"கத்தாம காக்கா போகாதே, டாக்டர்."

"கிண்டல் வேணாம். இப்பவே மூட்டை கட்டலைன்னா சங்கத்துல உங்க பேரு இருக்காது."

"அழிச்சிடுங்க. மை போகலைன்னா சொல்லுங்க, ஆல்கஹால் தரேன்."

அறையே சிரித்தது. அந்த நேரம் பார்த்து நடு டிவியில் படம் உடைந்தது. காக்கையும் மரமும் கலைந்து கோடு கோடாக ஓடின. தொமோயே கேசட்டை உருவித் துடைத்துச் சொருகினாள். மறுபடியும் கோடு. வேறு கேசட்டைப் போட்டுப் பார்த்தாள், அதற்கும் கோடுதான். இயந்திரமே படுத்துவிட்டது. மற்ற இரண்டில் ஆட்கள் பாதி ஆட்டத்தில் இருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்றார் டாக்டர், எல்லோர் காதிலும் விழும்படி. "குப்பை குப்பைதான்."

 தொமோயே ஸ்க்ரூடிரைவரை எடுத்து இயந்திரத்தைக் கவிழ்த்தாள். "குப்பைன்னா என்ன, கழட்டிப் பார்க்கத்தான் போறேன். நேரமாகும், இருக்கறவங்க இருங்க."

அப்போது ஓஷிகாவா உள்ளே வந்தார். சங்கத்தின் காரியதரிசி, தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. கூட்டங்களில் வாயே திறக்காத ஆள். அவர் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த பெட்டியைப் பார்த்ததும் டாக்டருக்கு முகம் வெளுத்தது. கண்காட்சியின் நடுக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஃபேமிகாம் அது. வாங்கியதிலிருந்து ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காதது.

"ஓஷிகாவா, அது காட்சிப் பொருள்!"

"எ... என்னோட பொருள், டாக்டர்." பாயில் உட்கார்ந்து, பெட்டியின் மடிப்பை நகத்தால் நெம்பினார். முப்பத்தேழு வருஷத்துப் பசை டப்பென்று விட்டது. "இது ஓடுமான்னு எனக்கே தெரியாது. தினம் படுக்கும்போது அதைத்தான் நெனைச்சுக்கிட்டுப் படுக்கறேன்."

தொமோயே கம்பிகளை மாட்டி, காக்கை கேசட்டைச் சொருகினாள். ஓஷிகாவா பொத்தானைத் தள்ளினார். திரை ஒரு கணம் சாம்பலாக இருந்தது. பிறகு மரமும் பழமும் காக்கையும் பளிச்சென்று வந்து நின்றன. ஓஷிகாவா மூக்கை உறிஞ்சினார்.

"முதல் கன்ட்ரோலர் எனக்கு" என்றாள் தொமோயே. "நீங்க ரெண்டாவது. கத்துங்க."

"ஹோய்" என்றார் ஓஷிகாவா. காக்கை அசையவில்லை.

"என்ன, தபால் குடுத்துக் காக்காகிட்ட கையெழுத்து கேக்கறீங்களா? அடிவயித்துலேர்ந்து கத்துங்க!"

அவர் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, "போடா!" என்று கத்தினார். காக்கை பறந்தது. இப்போது சிரித்த சிரிப்பில் பெரிய கூடத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் எப்போது வெளியேறினார் என்று யாரும் கவனிக்கவில்லை.

ஒரு வாரத்தில் சங்கத்திலிருந்து அவளையும் ஓஷிகாவாவையும் நீக்கிக் கடிதம் வந்தது. தொமோயே அதை மறுமுறை படிக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அந்தப் பாய் அறையை நிரந்தரமாகப் பதிவு செய்தாள். பழைய சங்கத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். மற்றவர்கள் தெருவில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். தேநீர்ச் சடங்கு வகுப்புக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்ததில், மூன்றாவது மாதமே தொமோயேயின் கூட்டம் மன்றத்தின் அடித்தள அறைக்கு மாற்றப்பட்டது. அடித்தளத்தில் ஈர நெடி அடித்தது. ஆனால் எவ்வளவு கத்தினாலும் கேட்பாரில்லை.

வசந்தம் வந்தபோது டாக்டரிடமிருந்து ஓர் அஞ்சல் அட்டை. வருத்தம் தெரிவித்தால் மீண்டும் சேர்த்துக்கொள்ளத் தயார் என்று எழுதியிருந்தார். அந்த வாரம் தொமோயேக்குக் கடைவாய்ப் பல்லும் குடைந்துகொண்டிருந்தது. டாக்டரின் பல் ஆஸ்பத்திரி அவள் வீட்டிலிருந்து நாலு கட்டிடம் தள்ளித்தான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ரயிலேறி, மூன்று நிலையம் தள்ளிப் போய் வேறொருவரிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். திரும்பும் வழியில், வாயில் பஞ்சோடு, தபால் நிலைய மேசையருகே நின்று பதில் எழுதினாள்.

'வருத்தம் எதுவும் இல்லை. முதல் ஞாயிறு பத்து மணிக்கு அடித்தளத்துக்கு வாருங்கள். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.'