சிங்கத்தைக் கேட்கப் போனோம்

என் மனைவிக்குக் காது முழுக்கப் போய்விடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நடந்த சண்டை எல்லாமே மிச்சமிருந்த அந்தக் கொஞ்சத்தைப் பற்றியதுதான்.

காதுக்குள் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதன் வாசல் பக்கத்தில் குருவிச் சத்தம், குக்கர் விசில் மாதிரியான கீச்சுச் சத்தங்கள் பதிவாகும். உள்ளே போகப் போகச் சத்தம் தடிமனாகும். இடியும் லாரியும் கடைக்கோடி அறையில். பழுது பெரும்பாலும் வாசலில்தான் தொடங்கும். அவளுக்கு வாசல் பக்கத்து அறைகள் ஒவ்வொன்றாக இருண்டுபோய், கடைசி அறையில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் பேசினால் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். ஆனால் தெருவில் லாரி வந்தால் எனக்கு முன்னால் திரும்பிப் பார்ப்பாள்.

அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. இரண்டு காதிலும் கருவி வைப்பார்கள். பேச்சு மறுபடியும் கேட்கும். ஆனால் வைக்கும்போது அந்தக் கடைசி விளக்கு அணைந்தாலும் அணையலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடியே, "அப்படின்னா அதுக்கு முன்னாடி ஒரு சிங்கத்தைக் கேட்டுடணும்," என்றாள்.

"டிவியில போட்டுக் காட்டறேம்மா," என்றாள் மகள்.

நான் குறுக்கிட்டேன். கனமான சத்தம் வர வேண்டுமானால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். டிவி ஸ்பீக்கர் உள்ளங்கை அளவு கூட இருக்காது. அதில் வருவது சிங்கத்தின் மேல்பாதி. கீழ்ப்பாதி அதில் ஏறவே ஏறாது. என் மனைவிக்குக் கேட்பதோ கீழ்ப்பாதி மட்டும்.

"ஆரம்பிச்சுட்டாரு," என்றாள் மகள். இருந்தாலும் அன்றைக்கே சஃபாரிக்கு இடம் பார்க்கத் தொடங்கினாள். அவளுக்கு வீட்டில் மேனேஜர் என்று பெயர். நடக்கத் தொடங்கியதிலிருந்தே எங்களை நிர்வகித்து வருகிறாள்.

தங்குவதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. காட்டின் விளிம்பில் முந்நூறு அறைகளோடு ஒரு பெரிய ஓட்டல். காட்டுக்குள்ளேயே நாலைந்து மரக்குடில்களோடு ஒரு சின்ன விடுதி. மனைவி சின்னதைக் காட்டினாள். மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை.

"அங்க ஃபோன் கிடையாது, அலாரம் கிடையாது. சிறுத்தை வந்துடுச்சு, வெளிய வராதீங்கன்னு அவங்க கத்துவாங்க. நீ பாட்டுக்குக் கதவைத் திறந்துட்டுப் போவே. ஓட்டல்லன்னா பெல் அடிச்சா விளக்கு மின்னும். கேட்டு வச்சிருக்கேன்."

"உங்கப்பா இருக்காரே."

"அப்பாவா? அவரு தூங்கினா கட்டிலோட தூக்கிட்டுப் போனாலும் தெரியாது."

கடைசியில் நான்தான் நடுவில் புகுந்து, முதல் ராத்திரி ஓட்டல், அங்கே சிங்கம் கேட்டால் அங்கேயே இருந்துவிடுவோம், கேட்காவிட்டால் மறுநாள் விடுதி என்று முடித்து வைத்தேன். ஓட்டலுக்கு நானே ஃபோன் செய்து, இருப்பதிலேயே அமைதியான அறை வேண்டும் என்றும் சொன்னேன்.

கொடுத்தார்கள். போனதும் பால்கனியில் நின்று கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். "ஊசி விழுந்தா கேக்கும். நல்ல ரூம்," என்றேன்.

பொழுது சாயும் நேரத்தில் மூன்று பேரும் பால்கனியில் உட்கார்ந்திருந்தோம். தூரத்துப் புதர்க்காட்டிலிருந்து அது வந்தது. முதலில் ஒரு நீண்ட முனகல். பிறகு ரம்பம் இழுப்பதுபோல விட்டுவிட்டு உறுமல். மகள் என் கையைப் பிடித்தாள். நாங்கள் இருவரும் திரும்பி என் மனைவியைப் பார்த்தோம். அவள் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"எனக்கு வரல. இங்க ஒரே இரைச்சலா இருக்கு."

"இரைச்சலா? இங்கயா?"

அவள் என் கையை எடுத்துப் பால்கனிக் கம்பியின் மேல் வைத்தாள். கம்பி மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் பெரிய கட்டடங்களின் ஏசி மெக்கானிக். மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீரைக் குளிர வைத்து அனுப்பும் சில்லர் இயந்திரங்கள்தான் என் வேலை. அவற்றின் பக்கத்திலேயே காலம் தள்ளியவனுக்கு, ஒழுங்காக ஓடும் சில்லரின் உறுமல் ஒரு சத்தமே இல்லை. அதற்குப் பெயர்தான் அமைதி. அது நின்றால்தான் திடுக்கிட்டு எழுவோம். எங்கள் பால்கனிக்கு நேர் கீழே, சுவருக்குப் பின்னால் அவை ஓடிக்கொண்டிருந்தன. நான் கண்ணை மூடி, நன்றாக ஓடுகிறது என்று திருப்தியாகி, நல்ல ரூம் என்றிருக்கிறேன்.

சில்லரின் உறுமலும் கனமான சத்தம்தான். சிங்கம் போய்ச் சேர வேண்டிய அதே கடைசி அறைக்குத்தான் அதுவும் போகும். அங்கே ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்தால் சிங்கம் எங்கே நிற்கும்? எனக்கும் மகளுக்கும் மற்ற அறைகள் இருந்தன. அதனால் எங்களுக்குத் தெரியவில்லை.

"உங்க அமைதி எனக்கு மாவு மில்லுல உக்காந்த மாதிரி இருக்கு," என்றாள்.

கீழே போய் ஓட்டல் இன்ஜினியரைத் தேடிப் பிடித்து, கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், நீங்களும் இதே தொழில்ங்கறீங்க. முந்நூறு ரூமும் வேர்த்து ஊத்தும். அப்புறம் சிங்கம் கத்தறது யாருக்குக் கேக்கும்? ஆளுங்க கத்தறதுதான் கேக்கும்."

அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில் எங்கள் மேனேஜர் பெட்டியைக் கட்டாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் எதிரே போய் உட்கார்ந்தாள், உதடு தெரிகிற தூரத்தில்.

"எனக்குப் பயமா இருக்கும்மா," என்றாள் மகள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"எனக்கும்தான். அதுக்குத்தான் நீ இருக்கியே." அம்மா தன் சால்வையை எடுத்து ஒரு முனையைத் தன் மணிக்கட்டிலும் மறு முனையை மகளின் மணிக்கட்டிலும் சுற்றிக் காட்டினாள். "சிறுத்தை வந்தா இழு."

"ஒண்ணுக்குப் போறதுன்னாலும் கூட்டிட்டுப் போவியா?"

"நீ சின்னப் புள்ளையில என்னை விட்டியா?"

மகள் சிரித்துவிட்டாள். பெட்டி கட்டப்பட்டது.

விடுதியில் மூன்று கட்டில் போட்ட ஒரு குடில் கிடைத்தது. ஏசி இல்லை, ஃபேன் இல்லை, சமையலறைக் குளிர்பெட்டி கூட கேஸில் ஓடுவது. கேஸ் குளிர்பெட்டியில் கம்ப்ரசர் கிடையாது. சூடு காட்டியே குளிர வைப்பது. அந்த அதிசயத்தை விடுதிக்கார அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது மகள் வந்து என்னைக் கூட்டிப்போனாள். எனக்கு அந்த இடம் காது அடைத்த மாதிரி இருந்தது. எதையோ நிறுத்திவிட்டார்களே என்று வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

விடியும் முன் மகள் சால்வையை இழுத்தாள். அம்மா ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

வேலிக்குள்ளேயே, குடிலின் வாசல் படியில் மூவரும் உட்கார்ந்தோம். உறுமல் மறுபடி வந்தது. மனைவியின் முகத்தை என்னால் படிக்க முடியவில்லை. மெல்லக் கால்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கினாள். கைகளைப் படியிலிருந்து எடுத்தாள். காதுகளை விரலால் அடைத்தாள், திறந்தாள், அடைத்தாள், திறந்தாள். என்ன செய்கிறாள் என்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. பலகை வழியாக உடம்புக்கு வரும் அதிர்வா, காது கேட்கிறதா என்று சோதிக்கிறாள். நான் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

"காதாலதான் வருது," என்றாள். "நான் நினைச்சதை விட வயசான குரலா இருக்கு."

அப்போது சஃபாரி வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைக்காமலே, "பக்கத்துலதான் சார் கிடக்குது. இப்பவே போனா பாத்துடலாம்," என்றார்.

அவள் முகம் சுருங்கியது. வண்டியின் உறுமல் கடைசி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது எனக்கே தெரிந்தது. ஓடிப்போய் அணைக்கச் சொன்னேன். ஓட்டுநருக்குச் சிங்கம் போய்விடுமே என்ற கவலை. மகள் கழுத்தில் கேமரா தொங்கியது.

"போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள் மனைவி. "நான் கேட்டுட்டு இருக்கேன்."

பாதையைப் பார்த்தேன். குடிலிலிருந்து வாயில் வரை நல்ல சரிவு, அதற்கப்புறம் ஒரு திருப்பம். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை எடுக்கச் சொன்னேன். ஓட்டுநருக்கு விஷயம் பிடித்துப்போனது. மகள் ஏறிக்கொள்ள, நானும் விடுதிக்கார அம்மாவும் பின்னாலிருந்து தள்ளினோம். வண்டி சரளைக்கல் நொறுங்கும் சத்தத்தோடு மட்டும் இறங்கிப்போனது. திருப்பம் தாண்டித்தான் ஸ்டார்ட் செய்தார்.

நான் மூச்சு வாங்கத் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்வதற்கு நல்ல விஷயம் ஒன்று இருந்தது. விடியற்காலையில் தரையோரக் காற்று குளிர்ந்தும் மேல்காற்று சூடாகவும் இருக்கும். மேலே போகிற சத்தம் அதனால் வளைந்து மறுபடி கீழேயே வரும். அதனால்தான் இவ்வளவு தெளிவு. அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயைத் திறந்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளிடம் நான் பேச இருந்த ஒரே வழி அது. வாயை மூடிக்கொண்டு நானும் கேட்டேன்.