சுடச்சுட அளந்தவர்

அந்த மாலை நேரப் பாலிடெக்னிக்கின் பட்டறையில் மேடத்தின் இருமலுக்குச் சட்டத்துக்குச் சமமான மரியாதை. இரும்பு கடையும் லேத்துகள் வரிசையாக ஓடும்போது வாயைத் திறந்து கத்தினால் தொண்டைதான் கட்டும். யார் காதிலும் விழாது. அந்த இருமல் மட்டும் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்து எல்லார் முதுகிலும் தட்டும். இருமல் கேட்டால் யாரோ ஏதோ தப்புச் செய்கிறார்கள் என்று அர்த்தம். அது நாமாகவும் இருக்கலாம் என்பதால் எல்லாரும் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தங்கள் வேலையை ஒரு முறை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

அந்த வகுப்பில் மேடத்தின் கணவரும் ஒரு மாணவர். விதி என்று சொல்ல முடியாது, இடுப்பு என்று சொல்லலாம். பல வருஷமாக பஸ் ஓட்டி ஓட்டி அவருடைய இடுப்பு எலும்பு அவரோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தது. சீட்டை விட்டு இறங்கு என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிப்போ பட்டறையில் லேத் வேலைக்கு ஓர் இடம் காலி. "இந்தப் பரீட்சை ரிசல்ட் வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன். அப்புறம் என் கையில இல்ல" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். படிக்கலாம் என்று கிளம்பினால் ஊரில் இருந்தது ஒரே மாலைப் பாலிடெக்னிக். அதில் பட்டறைக்கு இருந்தது ஒரே ஆசிரியை.

முதல் நாளே அவர் தாமதம். மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்று, "உள்ள வரலாமா மேடம்?" என்றார்.

"ஏன் லேட்?"

"வீட்டுல பாத்திரம் தேய்ச்சு வெச்சுட்டு வரச் சொன்னாங்க மேடம்."

வகுப்பு சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து அவர் பெயர் 'வீட்டுக்காரர்'. பக்கத்து லேத்தில் நின்ற, வாய் மூடாமல் பேசும் 'ரேடியோ' என்ற பெண் வைத்த பெயர்.

செய்முறைப் பரீட்சை அன்று மதிப்பெண் போட வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். மேடத்துக்குச் சுற்றி வந்து பார்ப்பது மட்டும்தான் வேலை. வாய் திறக்கக் கூடாது. காலையில் கணவரிடம், "இன்னிக்கு என் பக்கமே பாக்காதீங்க" என்று சொல்லியிருந்தாள்.

"கல்யாணம் பண்ணும்போது இந்த கண்டிஷன் சொல்லவே இல்லியே."

"விளையாட்டு இல்லங்க. உங்க முகத்தைப் பாத்தா எனக்கு ஏதாவது சொல்லத் தோணும்."

எல்லாருக்கும் ஓர் இரும்புத் தண்டு. அதைக் கடைந்து, சொன்ன பருமனுக்குக் கொண்டுவர வேண்டும். தலைமுடிப் பருமனில் பாதி கூடினாலும் குறைந்தாலும் போச்சு. வீட்டுக்காரர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். தண்டை நேராகப் பிடித்தார், வெட்டும் டூலை மட்டமாக வைத்தார். மேடம் மனசுக்குள் ஒரு சின்ன நடனம் ஆடிக்கொண்டே அவரைக் கடந்து போனாள்.

திரும்பி வரும்போது நடனம் நின்றது. வெட்டு சரியாகத் தெரியவில்லை என்று தண்டைக் குளிர்விக்கும் கூலன்ட் குழாயை அவர் மூடிவிட்டிருந்தார். தண்டிலிருந்து சுருள் சுருளாக இரும்பு வந்து விழுந்துகொண்டிருந்தது. அத்தனையும் நீலம். தண்டு கொதிக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

சரி, ஆறட்டும் என்று விட்டாரா? இல்லை. மெஷினை நிறுத்திய கையோடு மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தார். விரலை உதறிக்கொண்டார். மறுபடி அளந்தார். உதட்டைப் பிதுக்கிக் கணக்குப் போட்டார். இன்னும் ஒரே ஒரு வெட்டு பாக்கி. சூட்டில் உப்பியிருந்த தண்டை அளந்து, அந்த அளவுக்கே கடைசி வெட்டை வைக்கப் போகிறார். ஆறிச் சுருங்கியதும் தண்டு இளைத்துவிடும். இளைத்த தண்டை யாராலும் குண்டாக்க முடியாது.

அவள் தொண்டையில் நியாயம் ஒரு பக்கம் நின்றது, அவருடைய இடுப்பு ஒரு பக்கம் நின்றது. காலையில் செருப்பு மாட்டக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர். ஒரே ஒரு இருமல். யாருக்குத் தெரியப் போகிறது?

இருமிவிட்டாள்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் கையை எடுத்தார்கள். ரேடியோ தன் லேத்தைப் பார்த்து, "ஐயோ சாமி!" என்று அலறினாள். தண்டை இறுக்கிய சாவியை, தண்டைக் கவ்விச் சுழலும் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சில் கை வைக்கப் போயிருந்தாள். ஓட விட்டிருந்தால் அது பறந்து வந்து யார் மண்டையையாவது பதம் பார்த்திருக்கும்.

"நல்லவேளை மேடம்! இந்த மாதிரி விஷயத்துக்குப் பரீட்சையிலயும் எச்சரிக்கத்தான் வேணும்" என்று பாராட்டினார் தேர்வாளர். மேடத்துக்குக் காது மடல் வரை எரிந்தது.

வீட்டுக்காரரும் கையை எடுத்திருந்தார். அன்று முதல் முறையாக அவளைப் பார்த்தார். ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் லேசாகச் சிரித்தார். பிறகு திரும்பி, கைப்பிடியை முன்பு போட்ட கணக்குக்கே திருகி, கடைசி வெட்டை வெட்டிவிட்டார்.

ஆறிய தண்டுகளைத் தேர்வாளர் அளவு சோதிக்கும் கேஜில் போட்டுப் பார்த்தார். கேஜுக்கு இரண்டு வாய். ஒன்றில் தண்டு நுழைய வேண்டும், இன்னொன்றில் நுழையக் கூடாது. இருமலைக் கேட்டு ஒரு முறை சரிபார்த்த மற்ற எல்லாருடைய தண்டும் தேறியது. வீட்டுக்காரருடையது இரண்டு வாயிலும் வழுக்கிக்கொண்டு போனது.

"பளபளப்பு பிரமாதம். ஆனா அளவு போச்சே சார்" என்றார் தேர்வாளர், நிஜமான வருத்தத்தோடு.

இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். சமையலறையில் உட்கார்ந்த பிறகுதான் அவள் கேட்டாள்.

"கேட்டுச்சு இல்ல?"

"கேக்காம? தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்."

"பின்ன ஏங்க?"

"வழக்கமா தப்பு பண்றவனை முறைச்சுக்கிட்டேதான் இருமுவ. இன்னிக்கு ஜன்னலைப் பாத்து இருமின. அப்பவே தெரிஞ்சுபோச்சு, அது எனக்குன்னு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க இடுப்பை நினைச்சுக்கிட்டேன். பண்ணியிருக்கக் கூடாது."

"இடுப்பு என்னுது. எப்படியோ சமாளிச்சுக்கலாம். பேரு உன்னுதும்மா. அந்தப் புள்ளைங்க உன்னை நம்பி மெஷின் பக்கத்துல நிக்குதுங்க." இடுப்பைப் பிடித்துக்கொண்டு சற்று நகர்ந்து உட்கார்ந்தார். "டிப்போ இடம் போனது போனதுதான். நான் சிரிக்கிறேன்னு நினைச்சுக்காத, வயிறு எரியுது."

அவள் தன் நாற்காலியை அவர் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, இப்பவாவது சொல்லு" என்றார். "எதுக்கு இருமின?"

"என்னது? தெரியாதா?"

"யோசிச்சா கண்டுபிடிச்சுருவேனோன்னு பயந்து, யோசிக்காம வெட்டிட்டேன்."

அவள் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் நுனிகள் சிவந்து கன்றியிருந்தன.

"அளக்கும்போது சுட்டுச்சா?"

"நல்லா சுட்டுச்சு."

"சுட்டப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"ஊதிக்கணும்னு தோணுச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு வந்தன. "சூட்டுல இரும்பு உப்பும்ங்க. வீங்கின காலுக்குச் செருப்பு அளவெடுத்திருக்கீங்க. இதை முதல் வாரமே நடத்தினேன்!"

"நானும் இருந்தேனா?"

"இருந்தீங்க. கடைசி பெஞ்சில, கண்ணை மூடிக்கிட்டு."

"நைட் டியூட்டி பாத்துட்டு வந்திருப்பேன்."

"அடுத்த பரீட்சைக்கு வேற யாரையாவது பட்டறையில நிக்கச் சொல்லப் போறேன். நான் அன்னிக்கு லீவு." அவள் எழுந்து போய்த் தைலத்தை எடுத்து வந்தாள். விரலுக்குத் தடவினாள். அவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு குப்புறப் படுத்ததும் இடுப்புக்கும் தடவ ஆரம்பித்தாள்.

"ஏம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"சூட்டுல உப்பும்னா குளிர்ல சுருங்கும். வெயில் ஊர்ல ஒருத்தன் தண்டு செய்யறான், பனி கொட்டற ஊர்ல ஒருத்தன் அதுக்கு ஓட்டை போடறான். யார் அளவு சரி?"

அவள் கை அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் அந்த வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி.

"அதுக்கு உலகம் முழுக்க ஒரே சூடுன்னு பேசி வெச்சிருக்காங்க. இருபது டிகிரி. அந்தச் சூட்டுல எவ்வளவு இருக்கோ அதுதான் அளவு."

"அடேங்கப்பா! அத்தனை பேரும் ஒத்துக்கிட்டாங்களா? எப்படி?"

"ஆடாம படுங்க," என்றாள் அவள், "சொல்றேன்."