பத்துக்கு எத்தனை

மருத்துவமனையிலிருந்து வந்த அந்த முதல் அழைப்பை பிரெண்டா எடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அவள் கொல்லைப்புறத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எடுத்தது அவள் கணவர் கிளிஃப் நட்டால்.

கிளிஃபுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் மலைச்சாலைகளில் காலமெல்லாம் பஸ் ஓட்டிய உடம்பு. புது மூட்டு வைக்கிறோம் என்று அரசாங்க மருத்துவமனையில் பெயரை எழுதிக்கொண்டார்கள். இரண்டு குளிர்காலம் போயிற்று, கூப்பிடவில்லை. படி ஏற முடியாமல் அவர் கீழே முன்னறையில் நாற்காலியிலேயே தூங்கினார். பிரெண்டா மாடியில் தனியாகக் கிடந்தாள். கல்யாணமான நாள் முதல் ஒருவர் முதுகில் ஒருவர் குளிர் காய்ந்தவர்கள். அந்த மனிதர் மறுபடி மாடிக்கு வர வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

"போன்ல யாரு?" என்று ஈரக் கையோடு வந்து கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு. எப்படி இருக்கீங்கன்னு விசாரிச்சா."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்றது. குறை சொல்ல ஒண்ணுமில்லம்மா, ஏதோ வண்டி ஓடுதுன்னேன். என்னை விட மோசமா எத்தனையோ பேர் இருப்பாங்க, மொதல்ல அவங்களப் பாருன்னேன்."

"அதுக்கு அவ?"

"ரொம்ப நன்றின்னா. சந்தோஷமா வெச்சா."

அந்தப் பக்கத்து ஆண்கள் எல்லாருமே அப்படித்தான். காலொடிந்து தெருவில் கிடந்தாலும், எப்படி இருக்கீங்க என்று கேட்டால், பரவாயில்லை, மழை விட்டாச் சரி என்பார்கள். தன் நோவைச் சொல்வது அடுத்தவன் தட்டில் கை வைப்பது போல. பிரெண்டாவின் அப்பா கடைசி மூச்சு வரை பரவாயில்லை என்று சொல்லியே போய்ச் சேர்ந்தார்.

பக்கத்து வீட்டு கிளெனிஸ்தான் ஒருநாள் உள்ளூர்ப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மருத்துவமனையின் புது நிர்வாகி முதல் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். சீர்திருத்தம் வெற்றியாம். காத்திருப்போர் வரிசையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாம்.

"உங்க கிளிஃபும் பேப்பர்ல வந்திருக்காரான்னு பாரு" என்றாள் கிளெனிஸ்.

"அவர் எங்க வந்தார்?"

"குறைஞ்சதுல. எங்க அண்ணி அப்படித்தான் காணாமப் போனா. போன் வந்தப்ப குளிச்சிட்டிருந்தாளாம். எடுக்கல, பேரை அடிச்சிட்டாங்க."

பிரெண்டா அன்றே பஸ் பிடித்துப் போனாள். அங்கே புதிதாக ஒரு அறுவை சிகிச்சை அரங்கும் திறக்கவில்லை, ஒரு டாக்டரும் வரவில்லை. போன் பேசும் பெண்களை மட்டும் ஒரு கூடம் நிறைய உட்கார வைத்திருந்தார்கள். விசாரிப்பு மேசையில் இருந்த ஹேஸல் என்ற பெண் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"தேவையில்லன்னு அவரே சொல்லியிருக்காரே, கண்ணு."

"அவர் அப்படிச் சொல்லல. குறை சொல்ல ஒண்ணுமில்லன்னார். மரியாதைக்கு."

"எங்கப்பாவும் அப்படித்தான் சொல்வார். ஆனா இங்க ரெண்டு கட்டம்தான் இருக்கு. வேணும், வேண்டாம். மரியாதைக்குன்னு மூணாவது கட்டம் யாரும் போடல."

"இப்ப என்ன வழி?"

"மறுபடி போன் பண்ணச் சொல்லி எழுதி வெக்கறேன். வலி பத்துக்கு எத்தனைன்னு கேப்பாங்க. அவர் வாயாலதான் சொல்லணும், நீங்க சொன்னாச் செல்லாது. ஏழுக்குக் கீழ போனா பேர் ஏறாது."

வீட்டுக்கு வந்ததும் பிரெண்டா தேநீரையும் வைத்து, பாடத்தையும் ஆரம்பித்தாள்.

"வலி பத்துக்கு எத்தனை?"

"நாலு இருக்கும்."

"காலையில கால்சட்டை மாட்டும்போது நீ போட்ட சத்தம் கிளெனிஸ் வீட்டுக்குக் கேட்டுச்சு."

"அது காலையில."

"அப்ப எதுதான்யா உனக்குப் பத்து?"

அவர் நெடுநேரம் யோசித்தார். "சுரங்கம் இடிஞ்சு மாட்டிக்கிட்டவனுக்கு இருக்குமே, அது."

"ஏழுன்னு சொல்லு."

"பொய் சொல்ற மாதிரி இருக்கு, பிரெண்டா."

"இத்தனை நாள் சொன்னதுதான் பொய். பேசாம ஏழுன்னு சொல்லு."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். இவர் பொறுத்த பொறுமைக்கு ஒரு நாற்காலிதான் கிடைத்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அழைப்பு வந்தபோது அவள் அவர் தோளை அழுத்திப் பிடித்தபடி நின்றாள். அவர் தொண்டையைக் கனைத்தார். முகம் செங்கல்லாகச் சிவந்தது.

"வந்து... நாலு... இல்லம்மா, மன்னிச்சுக்க. ஏழு. எட்டுன்னே வெச்சுக்கயேன். ராத்திரியில தூக்கமே இல்ல. பொண்டாட்டி பக்கத்துல படுத்து வருஷமாச்சு."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. பிரெண்டா சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

"சேத்துட்டேன், மிஸ்டர் நட்டால்" என்றது போனில் அந்தப் பெண்ணின் குரல். "இன்னிலேர்ந்து உங்க காத்திருப்பு ஆரம்பம்."

பிரெண்டா போனைப் பிடுங்கினாள். "இன்னிலேர்ந்தா? ரெண்டு குளிர்காலம் உக்காந்திருந்தாரே, அது என்ன கணக்கு?"

"அது முடிஞ்சுபோன கணக்கும்மா. அதுல அவர் குணமாயிட்டார். இப்ப எங்ககிட்ட யாருமே ஒரு வருஷத்துக்கு மேல காத்திருக்கறதில்ல."

"எப்படிக் காத்திருப்பாங்க? வருஷம் முடியறதுக்குள்ள நீங்கதான் போன் பண்ணிப் பேரை அடிச்சிடறீங்களே."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "எழுதிக் குடுத்திருக்கறதைத்தான் நான் படிக்கிறேன்" என்றாள்.

பிரெண்டா வைத்துவிட்டாள்.

"ஏழு போதுமாமா?" என்று கிளிஃப் கேட்டார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் போல அவர் முகம் இருந்தது.

"போதுமாம். பேரு ஏறிடுச்சு."

அவள் மாடிக்குப் போனாள். அலமாரியில் இருந்த அவருடைய கம்பளிச் சட்டைகள், கோட்டு, துக்க வீட்டுக்குப் போடும் கறுப்புக் கால்சட்டை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு இறங்கினாள். முன்னறையில் பீங்கான் சாமான் வைத்திருந்த அலமாரியைக் காலி செய்து, துணிகளை அதில் அடுக்கினாள்.

"எதுக்கு எல்லாத்தையும் கீழ கொண்டு வர்ற?"

"இங்கயே இருக்கட்டும்" என்றாள். "ஒவ்வொண்ணுக்கும் ஏறி எறங்க எனக்கும் முட்டி தாங்கல."