பனித்தரைக் கேள்வி

பனித்தரையாம் பனித்தரை! காரைக்குடி வெயிலில் வளர்ந்த எனக்கு சர்பத் டம்ளரில் மிதக்கிற ஐஸை விட்டால் வேறென்ன தெரியும்? உராய்வே இல்லாத பனித்தரையில் ஒரு வட்டைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று பிளஸ் ஒன் இயற்பியல் தேர்வில் கேட்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போய்த் தானாக நின்றுவிடும் என்று எழுதினேன். முட்டை.

இயற்பியல் எடுக்கும் சிட்டாள் டீச்சர் நல்லவர்தான், வாய்தான் கொஞ்சம் காரம். அடுத்த தேர்வும் இப்படியென்றால் காமர்ஸுக்கு மாறிக்கொள் என்று சொல்லிவிட்டார். ரயில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் நான். இயற்பியல் போனால் அந்த ஆசையில் மண்தான்.

அடுத்த தேர்வில் முதல் கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. குன்றக்குடித் தேரை இழுக்கிறவர்கள் எல்லாரும் வடத்தை விட்டுவிட்டால் தேர் அங்கேயே நின்றுவிடுமா? இதெல்லாம் ஒரு கேள்வியா? அந்தத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரே எங்கள் அப்பாதான். விட்டாலும் உருண்டு வரும், சக்கரத்தில் கட்டையைக் கொடுத்தால்தான் நிற்கும் என்று கடகடவென்று எழுதினேன்.

என் பக்கத்தில் இருக்கும் ரிஸ்வானாவுக்குப் பனி சரி, தேர் தப்பு. அவள் தேர் இழுத்ததே இல்லை.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு என் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கேள்வி என்றார். எனக்குக் கோபமே வந்தது. அது பனி, இது தேர்.

"மாரீஸ்வரி, தேரை நிப்பாட்டுறது எது?"

"கட்டைதான் டீச்சர். கட்டை போடலைன்னாலும் ரோடு பிடிச்சுப் பிடிச்சு நிப்பாட்டிரும்."

சொல்லும்போதே என் கண் பழைய தாளுக்குப் போனது. உராய்வே இல்லாத தரை.

"அங்குட்டு கட்டையும் இல்ல, பிடிக்கிற ரோடும் இல்ல. அப்ப யாரு நிப்பாட்டுவா? அது போய்க்கிட்டேதான் இருக்கும். முதல்லயே தேரை வச்சுக் கேட்டிருந்தீகன்னா எழுதியிருப்பேன்ல டீச்சர்?"

டீச்சர் சிரித்துவிட்டார். காமர்ஸ் பேச்சை அதோடு விட்டார். எனக்கும் ரிஸ்வானாவுக்கும் சேர்த்துப் புரிகிற மாதிரி அடுத்த தேர்வுக்கு ஒரு கேள்வி நீயே எழுதி வா என்றார்.

சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் போய் வண்டி வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு எழுதினேன்:

'மாரீஸ்வரி ஓட்டி வரும் ரயில் காரைக்குடியை நெருங்குகிறது. அவள் என்ஜினை அணைத்ததுமே ரயில் நின்றுவிடுமா?'