பச்சை நாடா

தீவைத் தேர்ந்தெடுத்தது கடலைப் பார்த்து அல்ல, ஒரு போன் பேச்சைக் கேட்டு.

அவள் தையல்காரி. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றினால் தன் கை மூக்கருகே வந்தால்தான் விரல் விரலாகத் தெரியும். அப்படிப்பட்டவளுக்குக் கடலுக்கடியில் போய் மீன் பார்க்கும் ஆசை எப்படி வந்ததோ, வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மகளுக்குக் கல்யாணமான பிறகு வீட்டுக்காரரே பேச்சை எடுத்தார். அவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"மூக்குக் கண்ணாடியோட முங்க முடியாது. டைவிங் மாஸ்க்குக்குள்ள பவர் லென்ஸ் ஒட்டலாம். நானே செஞ்சு தரேன்."

மூன்று தீவுகளின் விடுதிகளுக்குப் போன் போட்டார். முதல் இடத்தில் சிரித்தார்கள். இரண்டாவது இடத்தில், "எங்க ஆமை கட்டில் பெருசு இருக்கும் சார், கண்ணாடி இல்லாமலே தெரியும்" என்றார்கள். மூன்றாவது விடுதியில், முங்கக் கற்றுத்தரும் மாஸ்டரே போனை வாங்கினார். "எனக்கும் மைனஸ் ஏழு சார். லென்ஸ் எந்த மாஸ்க்குல நல்லா உக்காரும்னு சொல்றேன், கேட்டுக்குங்க."

அந்தத் தீவு தொலைவு. படகும் தினமும் கிடையாது. "இருக்கட்டும், கஷ்டம் தெரிஞ்ச மனுஷன்" என்று வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். கடையில் ஆள் வராத மதியங்களில் லென்ஸைத் தேய்த்துத் தேய்த்து மாஸ்க்கின் வளைவுக்குக் கொண்டுவந்தார்.

அவரிடம் ஒரு குறை உண்டு. ஊர்க் கண்ணையெல்லாம் சோதிப்பவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க வராது. கல்யாணமான புதிதில் அவளுடைய அரக்குச் சேலையைக் காட்டி, "இந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லி மாட்டிக்கொண்டார். அவளோ நூலின் நிறத்தைத் துணியோடு ஒட்டிப் பார்த்தே பிழைப்பவள். அன்றிலிருந்து அவருடைய சிவப்புச் சட்டைகளின் காலருக்குள் நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வைக்கிறாள். அவர் கண்ணுக்குச் சிவப்பு எப்படித்தான் இருக்கும் என்று பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். "ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்கும்" என்பார். அதற்குமேல் அவருக்கும் சொல்லத் தெரியாது.

விமானத்திலிருந்து இறங்கிப் படகுத்துறைக்கு வந்தார்கள். படகு முதலில் பெரிய தீவுக்கும் பிறகு இவர்களுடைய சின்னத் தீவுக்கும் போவது. படகுக்காரர் பெட்டிகளின் மேல் இரண்டு நாடாக் கட்டுகளைப் போட்டார். "பெரிய தீவுக்குச் சிவப்பு, சின்னதுக்குப் பச்சை. நீங்களே கட்டிருங்க." அவள் அப்போது கழிப்பறைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது மூட்டை முடிச்செல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் போயிருந்தது.

சின்னத் தீவில் விடுதிக்காரம்மா தள்ளுவண்டியோடு காத்திருந்தார். படகு இவர்களை இறக்கிவிட்டு வந்த வழியே திரும்பியது. துணிப்பெட்டி இருந்தது. மாஸ்க் வைத்த நீலப் பையைக் காணவில்லை.

"அதுக்கு என்ன நாடா கட்டினீங்க?" என்றாள்.

"பச்சைதான்." சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் செத்துவிட்டது. "ஒரே கட்டுலதான் எடுத்தேன்னு நெனச்சேன்."

"பக்கத்துல யாரையாவது கேட்டிருக்கலாம்ல?"

"கண்ணாடிக் கடைக்காரன் போய் எது பச்சைன்னு கேக்கவா?"

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அடுத்த படகு நாளை மறுநாள்; இவர்கள் திரும்ப வேண்டியதும் அதில்தான். அதற்கு மறுநாள் விமானம். ஆழத்தில் முங்கியவர்கள் ஒரு முழு நாளாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும், உடம்புக்கு ஆகாது என்று மாஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். நாளை இறங்கினால் உண்டு, தவறினால் இந்தப் பயணத்தில் இல்லை.

விடுதிக்காரம்மா அதற்குள் போனில் இருந்தார். "என் நாத்தனார் பெரிய தீவுலதான் இருக்கா. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா காரியக்காரி." நாத்தனார் துறைக்குப் போய்ப் பையைக் கண்டுபிடித்துவிட்டார். மீன்பிடிக்கிறவர்களுக்கு ஐஸ் கொண்டுபோகும் படகு விடியும்போது இந்தப் பக்கமாகப் போகும். இங்கே நிற்காது. "சொல்லிப் பாக்குறேன். நின்னா உங்க அதிர்ஷ்டம்" என்றார் விடுதிக்காரம்மா.

நின்றது என்று சொல்ல முடியாது. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் துறையை ஒட்டி வேகம் குறைத்தது, ஒருவர் கொக்கிக் கம்பில் பையை மாட்டி நீட்டினார், வீட்டுக்காரர் எட்டிப் பிடித்தார், படகு போய்விட்டது. அவள் கையெடுத்துக் கும்பிட்டபோது அந்த மனிதரின் முதுகுதான் தெரிந்தது. பை முழுக்க மீன் நாற்றம். உள்ளே மாஸ்க்கை யாரோ வெள்ளைத் துண்டில் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி வைத்திருந்தார்கள்.

"துண்டா? நாத்தனாரோடதா இருக்கும்" என்றார் விடுதிக்காரம்மா.

பையின் பிடியில் நாடா அப்படியே இருந்தது. அவள் அதை அவிழ்த்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். "இது என்ன கலர், சொல்லுங்க."

"பச்சைன்னு சொன்னா அடிப்பியா?"

பவளப்பாறை கரையை ஒட்டியே இருந்தது. ஆழமில்லாத இடத்தில் மூச்சுவிடப் பழக்கிய பிறகு, மாஸ்டர் அவள் கையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அழைத்துப் போனார். தண்ணீருக்குள் எதுவும் கலங்கவில்லை. மீன்களின் கோடுகள் பைப்பிங் வைத்துத் தைத்ததுபோல் ஓரம் பிசகாமல் தெரிந்தன. ஒரு மீனின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அதற்குள் இன்னொரு மெல்லிய கறுப்பு வளையம்.

பாறையின் அடிவாரத்தில் தற்செயலாகத் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அந்த ஆழத்து வெளிச்சத்தில் நாடா சிவப்பாக இல்லை. அழுக்குப் பழுப்பாக, பச்சை என்று சொன்னாலும் நம்பிவிடுகிற மாதிரி இருந்தது. மாஸ்டர் விளக்கை அடித்ததும் குபீரென்று சிவந்தது; அணைத்ததும் பழையபடி ஆனது. மறுபடி விளக்கடிக்க வந்தவரை அவள் கையசைத்து நிறுத்தினாள். அந்த நிறத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் அவளுடைய மூக்குக் கண்ணாடியோடு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். "தெளிவா தெரிஞ்சுதா?"

"கண்ணு முழி வரைக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஏங்க, கீழ சிவப்பே இல்ல."

"எனக்கு மேலயும் இல்ல" என்றார் அவர்.

மத்தியானம் நாத்தனாரின் துண்டைத் துவைத்துக் காயப்போட்டாள். ஓரம் பிரிந்திருந்தது, சிவப்புக் கரை போட்ட துண்டு. தைத்தே திருப்பி அனுப்பலாம் என்று ஊசியை எடுத்தாள்.

"பெட்டியில இருந்து சிவப்பு நூல் எடுங்க."

அவர் இரண்டு நூல்கண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றை நம்பிக்கையாக நீட்டினார். பச்சை. அவள் வாங்கி ஊசியில் கோத்து, கரை நெடுகப் பொடித் தையலாகத் தைக்கத் தொடங்கினாள்.