மூன்றாம் ஓலை

ஜீவராணி ஒரு முடிவு எடுத்துவிட்டால் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையே வந்து நின்றாலும் அசைக்க முடியாது. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் போன் திருத்தும் கடை வைத்திருந்த பிரதாப்தான் மாப்பிள்ளை என்று அவள் முடிவெடுத்தது 2008 செப்டம்பரில். அந்தச் சங்கதி பிரதாப்புக்கே அக்டோபரில்தான் தெரியும்! கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் ஒரே அதட்டலில் தூங்கவைப்பவளுக்கு, ஒரு ஆம்பிளையைச் சம்மதிக்கவைப்பதா கஷ்டம்?

பிரதாப் நல்ல குரல் உள்ளவன். ஊருக்கு வந்து ஒரு வருஷமாக ஞாயிறு தவறாமல் தோட்டத்துத் தேவாலயத்துக்கு வந்து பாடினான். சொந்தபந்தம் யாரும் இல்லை என்றான். அதனாலென்ன, நாங்கள் இருக்கிறோமே என்று சபையே அவனைச் சுவீகரித்துக்கொண்டது.

அந்தக் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மணமக்கள் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் போதகர் செல்லசாமி சபைக்கு முன்னால் உரக்கச் சொல்லி, இவர்கள் சேரத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்பார். அந்த நேரத்தில் யாராவது இருமினால்கூட எல்லாத் தலையும் திரும்பும். முதல் ஓலை நவம்பரில் வாசித்தார்கள். பிரதாப்பின் உள்ளங்கை வியர்த்து வழிந்தது. மாப்பிள்ளைக் கூச்சம் என்று ஜீவராணி மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அதே வாரம் அவள் தம்பி சஜீவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வன்னியில் புலிகளுக்கும் இராணுவத்துக்கும் யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். மலைநாட்டுப் பையனை வேனில் ஏற்றினால் எங்கே என்று கேட்க முடியாது, கேட்டாலும் பதில் வராது. ஜீவராணியும் போதகரும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் படியேறாத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் ‘இங்கே இல்லை’தான். அம்மா சோறு தொடாமல் சுருண்டு படுத்துவிட்டாள்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, கோயில் வாசலில் பிரதாப் அவளிடம் மெதுவாகச் சொன்னான்.

“அழாத ராணி. அவனுக்குச் சாப்பாடெல்லாம் குடுக்குறாங்க. கால்தான் கொஞ்சம் வீங்கியிருக்கு, மருந்து போட்டிருக்காங்க.”

அழுகை சட்டென்று நின்றது. பெற்ற தாய்க்குத் தெரியாதது இவனுக்கு எப்படித் தெரியும்?

“ஒங்களுக்கு யாருங்க சொன்னா?”

அவன் புறங்கையால் வாயைத் துடைத்தான். சீனி திருடித் தின்ற குழந்தையின் முகம் அவளுக்குத் தெரியாததா? அவன் சட்டையைப் பிடித்துத் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அவன் எல்லாவற்றையும் கொட்டினான். சொந்தப் பெயர் விஜிதரன். வவுனியாக்காரன். அண்ணன் தடுப்பு முகாமில் இருந்தான். இராணுவ உளவுக்காரர்கள் இவனுக்குக் கடை போட்டுக் கொடுத்து, தோட்டத்துப் பையன்களைக் கண்காணித்துச் சொல், அண்ணனை விடுகிறோம் என்றிருந்தார்கள்.

“ஒரு வருஷமா ஒண்ணுமில்லன்னேதான் சொன்னேன், ராணி. போன மாசம் ரொம்ப நெருக்குனாங்க. சஜீவனும் கூட்டாளிகளும் வயரும் பெட்டரியும் பல்பும் வாங்கிட்டுப் போனாங்க. கோயில் பின்னறையில கதவைச் சாத்திக்கிட்டு வேலை செஞ்சாங்க. நான் உள்ள போனா பேச்சை நிப்பாட்டுனாங்க. அதைச் சொல்லிட்டேன்.”

“அட பாவி மனுசா!” ஜீவராணி தலையில் கை வைத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அது கரோலுக்கு நட்சத்திரம்ங்க!”

கிறிஸ்மஸ் கரோலுக்குத் தோட்டத்தின் மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும் போட்டி போட்டுக்கொண்டு மின்சார நட்சத்திரம் கட்டும். எந்த மாதிரி நட்சத்திரம் என்று கரோல் புறப்படும்வரை ஒரு ஈ காக்கைக்கும் சொல்லமாட்டார்கள். மேல் டிவிஷனில் பாதிப் பேர் பிரதாப்பிடம்தான் போன் திருத்தினார்கள். கீழ் டிவிஷன் சஜீவனும் கூட்டாளிகளும் அவனிடம் வாய் திறப்பார்களா?

அவள் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. இப்போதும் இவன்மேல் ஆசையாக இருக்கிறதே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

“போய், நான் சொன்னது தப்புன்னு அவங்க மொகத்துக்கு நேரா சொல்லுங்க.”

“சொன்னா என்னை விடமாட்டாங்க. அண்ணனையும் விடமாட்டாங்க.”

“என் தம்பி என்னங்க பாவம் செஞ்சான்? நீங்க செஞ்சதுக்கு அவன் உள்ள கெடக்கணுமா?” அவள் எழுந்து சேலையைத் தட்டினாள். “பிரதாப்னு ஒரு ஆளே இல்ல. இல்லாத ஆளுக்கு நான் எப்பிடிக் கழுத்தை நீட்டுறது? மூணாவது ஓலையில ஒங்க சொந்தப் பேரு வரணும்.”

“அப்பறமும் என்னைக் கட்டிக்குவியா?”

“நான் முடிவெடுத்தா மாத்துறவளா? கெளம்புங்க.”

இருவரும் கோயிலுக்குள் போய் ஜெபம் செய்தார்கள். ஓலைக்குத் தன் தகப்பன் பெயரைச் சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறினான். பஸ் வளைவில் மறையும்வரை அவள் நிமிர்ந்து நின்றாள்.

சனிக்கிழமை பகலில் சஜீவன் நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். “அத்தான் வந்து, இவன்மேல குத்தமில்ல, நான்தான் தப்பாச் சொன்னேன்னு சொன்னாரு. என்னை விட்டுட்டு அவரை உள்ள வச்சிட்டாங்க” என்றவன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் ஆராதனைக்கு முன் போதகர் அவளைத் தனியே கூப்பிட்டார். “ஓலையை நிறுத்திடலாமாம்மா?”

“வாசிங்க ஐயா. பேரை மட்டும் மாத்துங்க.”

வவுனியா சோலைமலை மகன் விஜிதரன் என்று அவர் வாசித்ததும் சபையில் சலசலப்பு. அது யாரு, அது யாரு? ஜீவராணி எழுந்து எல்லோரையும் பார்த்து நின்றாள்.

“பிரதாப்னு நம்மளோட ஒக்காந்து பாடுனவருதான். நம்மள வேவு பாக்க வந்தவரு. என் தம்பியைக் காட்டிக்குடுத்தவரும் அவருதான், மீட்டு அனுப்பிட்டு உள்ள இருக்குறவரும் அவருதான். இதுதான் அவரு சொந்தப் பேரு.”

சொல்லிவிட்டும் அவள் உட்காரவில்லை.

தடை ஏதும் உண்டா என்று போதகர் கேட்டார். பின்வரிசையில் யாரோ எழ, வாங்குப் பலகை கிரீச்சிட்டது. எழுந்தவன் சஜீவன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. சொல்வதற்கு இந்தச் சபையில் அவனைவிட உரிமையுள்ளவன் யார்? ஜீவராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

“தடை ஒண்ணும் இல்லீங்க ஐயா,” என்றான் சஜீவன். “ஆனா அந்த மனுசனுக்கு என் கையால ரெண்டு அறை இருக்கு. வாங்கிக்கிறதுக்கு அவரு உசுரோட வந்து சேரணும். எல்லாரும் ஜெபம் பண்ணுங்க.”

யாரோ சிரித்தார்கள், யாரோ விம்மினார்கள். பிறகு சபை முழுவதும் முழந்தாளிட்டு, விஜிதரன் என்ற பெயரைச் சொல்லிச் சத்தமாக ஜெபித்தது. ஜீவராணி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.