அறுநூறு கிலோவுக்குக் கீழே

கிருபாகரன் அந்தக் காரை வாங்கிய முதல் வாரமே எடை மேடையில் ஏற்றினான். திருக்கழுக்குன்றம் சாலையில் ஜல்லி லாரிகளின் வரிசைக்கு நடுவே, கூரையில்லாத இரண்டு சீட் கார் ஒன்று வந்து நின்றதும் டிரைவர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். அறுநூற்று எழுபது கிலோ என்று சீட்டு வந்தது.

"அறுநூறுக்குக் கீழ கொண்டு வரணும்" என்றான், தனக்குத்தானே.

அவனுக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஐ.டி. வேலை. சொந்த ஊர் சேலம். செங்கல்பட்டில் அடுக்குமாடி ஒன்றில் மனைவி அனுவோடும் ஏழு வயது மகளோடும் குடியிருந்தான். சேஸ் என்கிற இரும்புச் சட்டத்தின் மேல் ஃபைபர் உடம்பு பொருத்திய பழைய கார் அது. மாமல்லபுரம் பக்கம் ஒரு விடுதியின் பின்புறம் ஆறு வருஷம் உப்புக்காற்றில் கிடந்ததைப் பார்த்து, பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்திருந்தான்.

இஞ்சினை அவனே பிரித்துச் சேர்த்தான். கார்புரேட்டரைக் கழுவினான், பிரேக் குழாய்களை மாற்றினான். பிறகு கழற்ற ஆரம்பித்தான். முதலில் ஸ்டெப்னி டயர் போனது. அப்புறம் கேன்வாஸ் கூரையும் அதன் கம்பிகளும், பின் பம்பர், தரை விரிப்பு, ஹீட்டர். எடுத்ததையெல்லாம் பால்கனியில் அடுக்கினான். துணி காயப்போட இடமில்லாமல் அனு முணுமுணுத்தாள். ஆனாலும் ஞாயிறு காலைகளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கடற்கரைச் சாலையில் போவது அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. தலைமுடி பறக்கும். பேசினால் கேட்காது.

ஃபைபர் வேலைக்கு அந்தப் பக்கத்தில் படகுக்காரர்களை விட்டால் ஆள் இல்லை. சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் தணிகைவேலைக் கண்டுபிடித்தான். ஐம்பது வயதிருக்கும். உடைந்த ஃபைபர் படகுகளுக்கு ரெசின் பசை பூசி ஒட்டுப்போட்டே கைகள் வெளுத்துப் போனவர். பானெட்டையும் கதவுகளையும் டிக்கி மூடியையும் பாதி கனத்தில் அவர் செய்து கொடுத்தபோது கிருபாகரன் பானெட்டை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டி, குழந்தை மாதிரி சிரித்தான். எடைச் சீட்டு அறுநூற்றுப் பதினைந்துக்கு இறங்கியது.

"இனிமே தரைதான் பாக்கி. அதையும் மெல்லிசா போட்டுக் குடுங்க" என்றான்.

பழைய தரையை வெட்டி எடுத்த அன்றுதான் தணிகைவேல் அதைப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்கு அடியில் ஓடும் சேஸ் குழாய் மேலே கறுப்பாக, நன்றாகத்தான் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சும்மா தட்டினார். ணங்கென்று வரவேண்டிய சத்தம் சொத்தென்று வந்தது. கொஞ்சம் அழுத்தினார். முனை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது சிவப்புத் தூள் கொட்டியது.

உடனே ஃபோன் போட்டார். "சார், ஃபிரேம் அப்பளம் மாரி கீது. தகடு வெச்சி வெல்டிங் போட்டாத்தான் ஓட்ட முடியும்."

"மேல் துருதான் அது. தகடெல்லாம் வேணாம், எடை ஏறிடும். அடுத்த மாசம் பார்த்துக்கலாம். நீங்க தரையைப் போடுங்க."

தணிகைவேலுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் போடுபவரைக் கூட்டி வந்து, துரு ஏறிய இடத்துக்கு இரண்டு பக்கமும் கனமான தகடு வைத்துப் பற்றவைத்தார். அதன்மேல் ஃபைபர் தரையைப் போட்டு மூடிவிட்டார். கூலிகூடக் கேட்கவில்லை.

எடை மேடை காட்டிக்கொடுத்தது. ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்தை எதிர்பார்த்துப் போனவனுக்கு அறுநூற்றுப் பத்து வந்தது. அன்று மாலையே கார் பார்க்கிங்கில் தரையைப் பெயர்த்தான். தகடுகளைப் பார்த்ததும் அப்படியே குப்பத்துக்குப் போனான்.

"என் வண்டியில என்னைக் கேக்காம எதுக்குக் கை வெச்சீங்க?"

"சொன்னேனே சார். நீங்க வேணான்னுட்டீங்க. ரெண்டு பேரு உக்கார்ற வண்டி அது."

"நான் இன்ஜினியர். உங்களுக்குப் படகுதான் தெரியும்."

"படகும் உப்புலதான் சார் கீது. கூரை கீற வண்டின்னா கூரையும் கொஞ்சம் தாங்கும். இதுல மொத்த பாரமும் அடியில கீற ரெண்டு குழாதான்."

கிருபாகரன் திரும்பி நடந்தான். அடுத்த நாள் வாடகைக்கு ஒரு கட்டிங் மெஷின் எடுத்து வந்து இரண்டு தகடுகளையும் அறுத்துப் போட்டான். பொறி பறந்ததைப் பார்த்துக் கீழ்வீட்டு ராஜம் மாமி மேலே வந்து அனுவிடம் புகார் சொன்னாள். அனு இறங்கிப் போய், தரையில் கிடந்த தகடுகளை எடுத்து ஒரு பையில் போட்டு பால்கனியில் வைத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

புதன்கிழமை தரையைத் திரும்பப் பொருத்தி, அவளை உட்காரவைத்து ஒரு சுற்று போனான். வீடு திரும்பியதும் அவள் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. அவன் இறங்கி வந்து வெளியிலிருந்து இழுத்தான். அசையவில்லை. அவள் அதைத் தாண்டித்தான் இறங்கினாள். இறங்கியதும் கதவு தானாகத் திறந்துகொண்டது.

அன்று இரவு அவன் அரம் எடுத்துவந்து கதவின் பின்விளிம்பில் மேல் பாதியை ராவினான். ஃபைபர் தூள் அவன் முழங்கைவரை வெள்ளையாகப் படிந்திருந்தது. கதவு சரியாகிவிட்டது என்றான்.

மறுநாள் அவன் ஆபீஸ் போனதும் அனு பழைய ரசீதில் இருந்த தணிகைவேலின் எண்ணுக்குப் பேசினாள். "அண்ணா, நான் கிருபாகரன் வீட்ல பேசறேன். ஆள் உக்காந்தா கதவு பிடிக்குது, இறங்கினா திறக்குது. அது எதனால?"

அவர் திருப்பிக் கேட்டார். "தகடு கீதா, எடுத்துட்டாராம்மா?"

"அறுத்துட்டார்."

"அப்போ வண்டி நடுவுல தொங்குதும்மா. நீ ஏறாத. குழந்தைய ஏத்தாத."

அவள் அதைக் கிருபாகரனிடம் சொன்னாள். அவன் கத்தவில்லை. "சரி, நீ வராத" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. சாயங்காலங்களில் கார் பார்க்கிங்கிலிருந்து அரம் ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை மதுராந்தகத்திலிருந்து அவள் தம்பி ஷ்யாம் வந்தான். அவன் முன்னால் சண்டையைக் கிளப்ப அனுவுக்குக் கூச்சமாக இருந்தது. காரில் ஏறாதே என்று விடிந்ததும் தம்பியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தாள். காலை ஆறு மணிக்கு இஞ்சின் சத்தத்தில் எழுந்து பால்கனிக்கு ஓடினாள். கீழே கார் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் உட்காரும் சீட்டில் ஷ்யாம். "ஷ்யாம், இறங்குடா!" என்று கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே கையசைத்தான். அவன் ஃபோன் சோபாவில் கிடந்தது. கிருபாகரனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

தணிகைவேல் எடுத்தார். "எந்தப் பக்கம் வராங்க?"

"கழுக்குன்றம் வழியா புதுப்பட்டினம், அங்கிருந்து பாலாத்துப் பாலம். எப்பவும் அப்படித்தான். என் தம்பி உள்ள இருக்கான் அண்ணா."

அவர் லுங்கியோடு பைக்கை எடுத்தார். புதுப்பட்டினம் தாண்டி, பாலத்துக்குப் போகும் சாலையின் நடுவே நின்று இரண்டு கையையும் தூக்கினார். சிவப்புக் கார் வேகம் குறைத்து, அவர் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

அவர் கிருபாகரனைப் பார்க்கவில்லை. கதவின் பின்பக்க இடுக்கைத்தான் பார்த்தார். மேலே, அரம் போட்ட இடத்தில்கூட இடுக்கே இல்லை, நறநறவென்று உரசிக்கொண்டிருந்தது. கீழே விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

"தம்பி, எறங்கு" என்றார்.

ஷ்யாம் கைப்பிடியை இழுத்தான். கதவு வரவில்லை. "என்ன மாமா இது?"

"எகிறிக் குதி மச்சான், இந்த வண்டியில அப்படித்தான்" என்று சிரித்த கிருபாகரன் தணிகைவேலிடம் திரும்பினான். "வழிய விடுங்க."

தணிகைவேல் தன் ஃபோனை ஷ்யாமிடம் நீட்டினார். அதில் அனு இன்னும் லைனில் இருந்தாள். அவள் சொன்னது மூன்று பேருக்கும் கேட்டது. "எதுவும் கேக்காத. இறங்கு."

ஷ்யாம் இறங்கினான். கிருபாகரனின் முகம் வெளிறிவிட்டது. பெண்டாட்டி, மைத்துனன், படகுக்காரர் எல்லோரும் சேர்ந்து தன்னை நடுரோட்டில் நிற்கவைத்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க. பாலம் வரைக்கும் போயிட்டு வந்து காட்டறேன்."

"சார், வேணாம் சார்." தணிகைவேல் கதவைப் பிடித்தார். கார் அவர் கையை உதறிக்கொண்டு கிளம்பியது.

இருவரும் நின்று காது கொடுத்தார்கள். இஞ்சின் சத்தம் கியருக்குக் கியர் ஏறி, வயலூர்ப் பக்கம் மெலிந்துகொண்டே போனது. பாலத்தின் மேல் அது மறுபடி உயர்ந்தது. பிறகு, தேய்ந்து மறையாமல், வெட்டினாற்போல நின்றது. ஷ்யாம் தணிகைவேலைப் பார்த்தான். அவர் ஏற்கெனவே பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்.

பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கியபோது கார் நடுவில் மடிந்திருந்தது. மூக்கும் வாலும் தூக்கிக்கொள்ள, வயிறு தார்ச்சாலையில் உராய்ந்தபடியே போய்த் தடுப்புச் சுவரில் மோதி நின்றிருந்தது. ஷ்யாம் உட்கார்ந்திருந்த பக்கத்தில் சீட்டும் இல்லை, தரையும் இல்லை. கிழிந்த குழாய் வழியாகச் சாலை தெரிந்தது. கிருபாகரன் ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே சிக்கி, கண் திறந்தபடி இருந்தான். "கால் தெரியலை" என்றான். பெட்ரோல் நெடி அடித்தது. கதவை உடைக்கத் தணிகைவேலுக்குக் கடப்பாரை தேவைப்படவில்லை. தான் வார்த்த ஃபைபரைக் கையாலேயே பிய்த்தார்.

முதுகெலும்பில் அடி. நடப்பான், ஆனால் பழையபடி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஐந்தாம் நாள் போலீஸ் வாக்குமூலம் வாங்கியது. "படகு ரிப்பேர் ஆளு என்னைக் கேக்காம சேஸ்ல வெல்டிங் பண்ணிட்டார். அந்த இடத்துலதான் உடைஞ்சது" என்று கிருபாகரன் சொன்னான். ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதான். அன்று மதியமே தணிகைவேலை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, சாயங்காலம்வரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவர் மனைவி பொன்னி வாசலிலேயே நின்றாள்.

அனு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பையைத் திறந்து இரண்டு தகடுகளையும் மேசைமேல் வைத்தாள். ஒரு ஓரத்தில் வெல்டிங் தழும்பு, மறு ஓரத்தில் பளபளவென்று அறுத்த வாய்.

"இது இவர் வெச்சது. இது என் வீட்டுக்காரர் அறுத்தது. நான் பார்த்தேன்" என்றாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து பொன்னியின் கையைப் பிடித்தபோதுதான் அழுதாள். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்ததும் கிருபாகரன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மகளின் முழுப்பரீட்சை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு அனு மதுராந்தகத்துக்குப் போய்விட்டாள்.

ஏழு மாதம் கழித்து, ஒரு ஐப்பசி மத்தியானம், குப்பத்தில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. கிருபாகரன் கைத்தடி ஊன்றி மணலில் மெதுவாக வந்தான். நன்றாக மெலிந்திருந்தான். தணிகைவேல் படகின் அடியிலிருந்து எழுந்து, உட்காரச் சொல்லி ஒரு மரப்பெட்டியைத் தள்ளினார். மன்னிப்புக் கேட்க வந்திருப்பான் என்று நினைத்தார்.

அவன் ஃபோனை எடுத்து ஒரு படம் காட்டினான். பச்சை நிறம், கூரையில்லாத இரண்டு சீட்.

"கோயம்புத்தூர்ல குறைஞ்ச விலைக்குக் கிடைக்குது. இதோட சேஸ் நல்லா இருக்கு. நூறு கிலோ ஈஸியா எடுத்துடலாம். உங்களை மாதிரி கை வேற யாருக்கும் இல்ல."

தணிகைவேல் அவன் கண்களைப் பார்த்தார். அதில் கோபமோ வெட்கமோ இல்லை.

"நான் செய்ய மாட்டேன் சார்."

"ஏன்?"

"போங்க சார். வூட்டுக்குப் போங்க."

கிருபாகரன் தலையாட்டினான். ஃபோனை உள்ளே வைத்துக்கொண்டு எழுந்தான். ஆட்டோ நிற்கும் பக்கம் போகவில்லை. கரையோரமாக வடக்கே, அடுத்த குப்பத்தின் படகுகள் தெரியும் திசையில், தடியை ஊன்றி ஊன்றி நடக்க ஆரம்பித்தான்.